கதவோரத்து ஆணி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயக் காம்பராவின் கதவோரச் சுவரில், அம்மாவின் தோள் உயரத்தில், ஓர் ஆணி இருந்தது. துருப்பிடித்த பழைய ஆணி. அதில் மாட்டியதை இருட்டிலும் கை தானாகப் போய் எடுக்கும், யாரும் தேடியதில்லை. ஒரு நாளில் எப்படிக் கூடுதலாய் வேலை முடிக்கலாம், நல்ல பழக்கத்தை எப்படிப் பிடித்து வைக்கலாம் என்று என்னிடம் படிக்கிற பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வருகிறது.

றக்வான டவுனிலிருந்து புளுத்தோட்டைக் கணவாய்ப் பக்கம் ஏறுகிற பாதையில் எங்கள் தோட்டம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரத்தினபுரி கடந்து, பெல்மதுளையில் திரும்பி, கஹவத்தை, மாதம்பை தாண்டி வர வேண்டும். மழைக்குக் குறைவில்லாத ஊர். மேலே தேயிலை, கீழே இறப்பர், அதற்கும் கீழே வயலோரங்களில் மாணிக்கக் குழிகள். டவுன் தேத்தண்ணிக் கடைகளில் ஆண்களின் பேச்செல்லாம் மாணிக்கம்தான். யாருக்கோ நீலக்கல் கிடைத்தது, மறு மாதமே கல்வீடு எழும்பியது என்று ஒரு கதை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா அதைக் காதில் வாங்க மாட்டாள். அவளுடைய நாள் காலை நாலு மணிக்கு, நெருப்புக்குச்சி உரசுகிற சத்தத்தில் தொடங்கும்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரே வரிசை. அடுப்பு பற்றும். கேத்தலில் தண்ணீர் ஏறும். அது கொதிப்பதற்குள் மாவு பிசைந்தாகிவிடும். ரொட்டி வேகும்போது சம்பல் இடிபடும். அப்பாவுக்கு ஒரு டப்பா, அண்ணனுக்கும் எனக்கும் ஒவ்வொரு பொட்டலம். வாசல் கூட்டி, பீலியில் தண்ணீர் பிடித்து, ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற நேரத்தில் கூடையும் படங்கும் அவள் மேல் ஏறியிருக்கும். லயத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. ஒரு குப்பி லாம்பின் வெளிச்சத்தில் இத்தனையும் நடக்கும். அம்மா எதற்கும் ஒரு கணம் நின்று யோசித்ததை நான் பார்த்ததில்லை.

யோசனை முந்தின இரவே முடிந்திருக்கும். மலையிலிருந்து வந்து, குளித்து, சமைத்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா ஒரு சுற்று வருவாள். இடுப்பில் கட்டுகிற படங்கு மடிந்து கூடைக்குள் போகும். தலைக்கயிறு கூடையின் மேல் சுருண்டிருக்கும். காலையில் பற்றவைக்கச் சிராய் நாலு, நெருப்புப் பெட்டி அடுப்புத் திண்டின் வலது மூலையில். அட்டைக்குத் தேய்க்கிற சவர்க்காரத் துண்டு வாசல்படியில். நான் ஒரு நாள் கேட்டேன், இத்தனை அசதியில் இதெல்லாம் எதற்கு, காலையில் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று.

"காலையில யோசிக்கப்போனா நேரம் போயிரும் புள்ள. யோசிக்கிறத ராத்திரியே யோசிச்சு வச்சிரணும். காலையில கை மட்டும் போனா போதும்" என்றாள்.

அந்தக் கை என்ன செய்யும் என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தது 1993 டிசம்பர் விடுமுறையில். பதினாலு வயது. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு மலைக்குப் போனேன். முதல் நாள் எனக்குக் கூடை கொடுக்கவில்லை. அவளுடைய நிரையில் பக்கத்திலே நின்று பார்க்கச் சொன்னாள்.

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். கவ்வாத்து வெட்டி, வாரத்துக்கு ஒரு தரம் கொழுந்து எடுத்து எடுத்துத்தான் அது இடுப்பளவு மேசையாய் நிற்கிறது. அந்த மட்டம் தவறாமலிருக்க ஒரு நீளக் குச்சியைச் செடியின் மேல் கிடத்துவார்கள். குச்சிக்கு மேலே தலை நீட்டியது மட்டும் கைக்கு உரியது. அதிலும் இரண்டு இலையும் ஓர் அரும்புமாய் இருப்பதுதான் வேண்டும். அரும்பு விடாமல் அடங்கிப்போன வங்கியை ஒடித்துக் கீழே போட வேண்டும். முற்றிய இலை கூடைக்குள் போனால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை கிலோவில் கழிப்பார். அம்மாவின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டின் இளம்பகுதியைப் பிடித்து ஒரு சின்ன மடக்கு மடக்கும். "டிக்" என்று முறிகிற ஒரு சத்தம். முறிந்த கொழுந்து உள்ளங்கைக்குள் போகும், விரல் அடுத்த தண்டில் இருக்கும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு தண்டுகளில். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் ஒரு வீச்சு. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கொழுந்தும் வெளியே விழுந்ததில்லை.

எனக்குக் கூடை கிடைத்தபோது நான் செய்த முதல் காரியம் நகத்தால் கிள்ளியது. அது சுலபமாயிருந்தது, வேகமாயும் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அடுத்த நிரையில் நின்ற ஓர் அக்காவிடம் பெருவிரலைக் காட்டச் சொன்னாள். நகமோரம் பிளந்து, கறை ஏறி, கருத்துப் போயிருந்தது. அந்த அக்கா சின்ன வயதில் நகத்தால் பழகியவர். இருபது வருசமாய் விட முயன்றும் முடியவில்லை. அவசரம் வந்தால் நகம் தானாய் முந்திக்கொள்ளும் என்றார்.

"கிலோவ நெனைக்காத. இப்ப நீ கைக்கு என்னத்தக் குடுக்கிறியோ அதத்தான் அது சாகுற மட்டும் வச்சிருக்கும். வெரலு சரியா போகட்டும். வேகம் பின்னால வரும்" என்றாள் அம்மா.

பிற்பாடு நான் கற்ற எந்தக் கல்வியியல் பாடத்திலும் இதைவிடச் சுருக்கமாய் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கைக்கு நல்லது கெட்டது தெரியாது. திரும்பத் திரும்பச் செய்வது எதுவோ அதை வைத்துக்கொள்ளும். ஆகவே பழகத் தொடங்குகிற நாட்களில் மெதுவாய், சரியாய்ச் செய்தாக வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாம் பிள்ளைகளை வெருட்டச் சொல்கிறோம். நல்ல பழக்கமும் அதே அளவுக்குக் கூட வரும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

நாலாவதோ ஐந்தாவதோ ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவோடு கதைத்துக்கொண்டே நின்றேன். கதை முடிந்து குனிந்தபோது என் கை நிறையக் கொழுந்து இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அதிசயப்பட்டு விரலையே உற்றுப் பார்த்தேன். பார்த்த உடனே விரல் தடுமாறியது, ஒரு முற்றிய இலையைப் பிடித்தது. பார்வையை எடுத்தேன், மறுபடி ஓடத் தொடங்கியது. என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு வேலைக்காரி வந்து சேர்ந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

பல வருசம் கழித்து அம்மாவின் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல கொழுந்து நூறு கிராமைத் தராசில் வைத்து ஒவ்வொன்றாய் எண்ணினேன். நூற்று இருபதுக்குக் குறையவில்லை. இன்றைக்குப் பல தோட்டங்களில் கேட்கிற 18 கிலோவை அதால் பெருக்கினால் ஒரு நாளைக்கு இருபதாயிரத்துக்கு மேல் வரும். அத்தனை தரம் எடு, விடு, ஒடி என்று விரல் தீர்மானிக்கிறது. அத்தனையையும் தலை யோசித்தால் காலை பத்து மணிக்கே ஆள் சாய்ந்துவிடும். விரல் தன் பாட்டில் பார்த்துக்கொண்டதால்தான் அம்மாவின் தலை வேறு இடத்தில் இருக்க முடிந்தது. அரிசிக் கடன், சீட்டுக் காசு, அண்ணனின் சப்பாத்து, எனக்கு வாங்க வேண்டிய கொப்பிகள் எல்லாவற்றுக்கும் அவள் வழி கண்டுபிடித்தது தேயிலை நிரைக்குள் நின்றபடிதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. எங்கள் சனத்தின் உடம்பில் இந்தப் பழக்கங்களை வைத்தது தோட்டம். தாத்தா காலத்தில் தப்படித்து எழுப்பினார்கள், பிறகு ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் சங்கு. பெரட்டு, நிரை, மடுவத்துத் தராசு, முழு நாளுக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் என்று ஒரு நாளின் ஒவ்வொரு துண்டையும் வேறு யாரோ அடுக்கி வைத்தார்கள். கைவிரலின் கெட்டித்தனம் எங்களுடையது. அதன் பலன் பெரும்பாலும் வேறு பக்கம் போனது. 2016 அக்டோபர் கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு என் மதினி சம்பளத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், வருகைக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தித்திறன் ஊக்கத்தொகை 140. "உற்பத்தித்திறன்னா என்னங்க?" என்று கேட்டாள். கணக்குக் கிலோ எடுத்தால் கிடைக்கிற காசு என்றேன். அந்தச் சொல்லை லயத்துக்குள் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது, அந்த 140 துண்டிலிருந்து போய்விட்டது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை நிறைவேற 2021 மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வாழ்நாள் பழகிய கைக்கு அவ்வளவுதான் மதிப்பா என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு கனத்தது. இன்றைக்கும் கனக்கிறது.

கையைப் பழக்குகிற அதே வித்தையை அம்மா தன் பிள்ளைகளுக்காகவும் வைத்திருந்தாள். அதற்கும் அந்த ஆணிதான் சாட்சி.

ஆணி அடித்தது 1981-ல். அந்த ஆகஸ்டில், தமிழருக்கு எதிரான வன்முறையில், இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்களைக் கொளுத்தினார்கள். கஹவத்தை, றக்வான என்று இந்தப் பக்கத்துச் சனம் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடி ஒளிந்தது. எனக்கு இரண்டு வயது. அம்மா என்னை இடுப்பிலும் அண்ணனைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கூரை இல்லை, தகரப் பெட்டிக்குள் இருந்த கடதாசிகளும் இல்லை. 1948-ல் குடியுரிமை பறிபோன சனத்துக்குக் கடதாசிதான் உயிர். பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுக்க அப்பா அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. சொந்தக்காரர் சிலர் வவுனியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா ஓர் ஆணி அடித்தார். கடதாசிகளைப் பொலித்தீனில் சுற்றி ஒரு பன் பையில் போட்டு அம்மா அதில் மாட்டினாள். படுக்குமுன் அந்தப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். 1983 ஜூலைக் கலவரத்தில் மறுபடி ஓட வேண்டி வந்த இரவில் விளக்குக் கூட ஏற்றவில்லை, அவள் கை நேரே ஆணிக்குப் போயிற்று என்று அப்பா சொல்வார். பயம் வைத்த பழக்கம்தான். ஆனால் எங்களை அடையாளமில்லாதவர்களாய் ஆகாமல் காத்தது அந்தப் பழக்கம்.

1995 டிசம்பரில் நான் சாதாரண தரம் எழுதினேன். கணிதம் போய்விட்டது. கணிதம் இல்லாமல் அப்போது உயர்தரத்துக்குப் போக முடியாது. வீட்டில் யாரும் ஏசவில்லை, அதுதான் கூடுதலாய் வலித்தது. பழைய கலண்டரின் முதுகில் நாலு நிறப் பேனையால் ஒரு நேரசூசி போட்டேன். காலை நாலரை முதல் ஆறு, மாலை ஐந்து முதல் ஏழு, இரவு எட்டு முதல் பத்து. ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் தூங்கிவிட்டேன், ஏழாம் நாள் வெட்கத்தில் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை போட்டதும் அப்படியே.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். கலண்டரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரத்த எழுதி வச்சா நேரம் வந்துருமா புள்ள? எதுக்குப் பொறகு எதுன்னு ஒடம்புக்குத் தெரியணும். நான் நெருப்பு கிழிச்சதும் நீ எந்திரி. தண்ணி கொதிக்கிற வரைக்கும் ஒரே ஒரு கணக்கு. அவ்வளவுதான். அதுக்கு மேல வேணாம்."

ஒரே ஒரு கணக்கா என்று எனக்கு ஏமாற்றமாயிருந்தது. ஆனாலும் அன்றிரவு அவள் தன் சுற்றை முடித்தபோது என் கொப்பியையும் சேர்த்துக்கொண்டாள். அடுப்புத் திண்டின் பக்கத்தில் ஒரு பலகை. அதில் செய்ய வேண்டிய பக்கத்தைத் திறந்தபடி கொப்பி, மேலே பென்சில், பக்கத்தில் லாம்பு. பள்ளிக்கூடப் பை பன் பைக்கு மேலே அதே ஆணியில். விடியற்காலை நெருப்புக்குச்சி உரசியது. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஒரு கணக்குச் செய்தேன். கேத்தல் மூடி ஆடியது. கொப்பியை மூடினேன்.

முதல் வாரங்களில் ஒன்றுதான். பிறகு தண்ணீர் கொதிப்பதற்குள் இரண்டு முடிந்தது. பிறகு ரொட்டி இறக்குகிற மட்டும் உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை, எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஏப்ரலில் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். எல்லாம் குலைந்தது என்று அழுதேன். ஐந்தாம் நாள் குச்சி உரசிய சத்தத்துக்கு உடம்பு தானாய் எழுந்து பலகையடியில் போய் உட்கார்ந்தது. விரலுக்கு ஏறியது போல இதுவும் ஏறிவிட்டது என்று அப்போது புரிந்தது. 1996 டிசம்பர்ப் பரீட்சையில் கணிதத்தில் திறமைச் சித்தி.

உயர்தரம் முடித்து, கொட்டகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று, மறுபடி இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கே ஆசிரியையாய் வந்தேன். உளவியல் படித்தபோது வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே தன் புத்தகத்தில் பழக்கத்துக்கென்று ஓர் அத்தியாயம் எழுதியிருப்பது தெரிந்தது. பயனுள்ள காரியங்களைச் சின்ன வயதிலேயே தானியக்கமாய் ஆக்கிவிட்டால் மனம் பெரிய வேலைக்கு ஓய்வாயிருக்கும் என்பது அவர் கருத்து. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தை நாளின் ஏதோ ஒரு நிகழ்வோடு சேர்த்துச் செய்தார்கள். அது யோசனையில்லாமல் வருவதற்கு நடுக்கணக்கில் (இடையம்) 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை கணக்கு நீண்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாய்ப் பாதிக்கவில்லை. அதை வாசித்தபோது என் காய்ச்சலும், ஐந்தாம் நாள் குச்சிச் சத்தமும் கண் முன்னே வந்தன. 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று பேச்சாளர்கள் சொல்லி, 22-ஆம் நாள் மனமுடைந்து போன பிள்ளைகளிடம் இந்த எண்களைச் சொல்வதை நான் கடமையாய் வைத்திருக்கிறேன்.

கைத்தொலைபேசி வந்த பிறகு எனக்கே ஒரு சோதனை வந்தது. நாலு மணிக்கு விழிக்கிற பழக்கம் போகவில்லை, ஆனால் விழித்ததும் கை தலையணையோரம் போனது. ஒரு செய்தி, ஒரு காணொளி, இன்னொன்று, ஐந்தரை ஆகிவிடும். நகத்தால் கிள்ளப் பழகிய அக்காவின் பெருவிரல் ஞாபகம் வந்தது. சுலபமாயிருந்ததால் கை அதை வைத்துக்கொண்டது. மனத்தைத் திட்டிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் அம்மா செய்ததைச் செய்தேன். போனை முன்வாசல் அறையில் வைத்தேன். கேத்தலின் பக்கத்தில், திருத்த வேண்டிய கொப்பிகளைத் திறந்தபடி, மேலே சிவப்புப் பேனை. தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் ஒரு கொப்பி. இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது, கை போனை மறக்க.

வகுப்பில் வருசத் தொடக்கத்தில் பிள்ளைகளை நேரசூசி போடச் சொல்வதில்லை. "எதற்குப் பிறகு எது" என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்வேன். 'ரொட்டி சாப்பிட்டதும் ஒரு பக்கம் வாசிப்பேன்.' 'தங்கச்சியைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டதும் வாய்ப்பாடு சொல்வேன்.' எழுத முடியாமல் இருக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு காம்பராவில் ஏழு பேர், ஒரே தொலைக்காட்சி, உட்காரப் பலகை இல்லை. பழக்கம் ஒட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வது பாவம். அவர்களுக்காகக் காலை ஆறே முக்காலுக்கு வகுப்பறையைத் திறந்து வைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். 'கதவு திறந்ததும் ஒரு கணக்கு' என்பது அவர்களின் வரி.

அம்மா ஓய்வு பெற்று சில வருசம் லயத்திலேயே இருந்தாள். அப்பா போன பிறகு, டவுனுக்குக் கிட்ட நாங்கள் கட்டிய சின்ன வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்த முதல் நாள் மின் அடுப்பைப் பார்த்தாள், குழாய்த் தண்ணீரைத் திறந்து பார்த்தாள். இரவு சாப்பாடு முடிந்ததும் தன் சுற்றுக்கு எழுந்தாள். கூடை இல்லை, படங்கு இல்லை. கொஞ்ச நேரம் நடு அறையில் நின்றாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. பிறகு என் மகளின் புத்தகப் பையைத் தரையிலிருந்து எடுத்துத் தூசு தட்டினாள். கதவோரம் போய்ச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஆணி ஒண்ணு அடிக்கலையா புள்ள?" என்று கேட்டாள்.

அந்த நேரத்திலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சுத்தியல் கேட்டு வாங்கி வந்தேன். எந்த உயரத்தில் என்று கேட்டேன். அம்மா பேத்தியைக் கூப்பிட்டுச் சுவரோடு நிறுத்தி, அவளுடைய கையை நீட்டச் சொல்லி, விரல் பட்ட இடத்தைக் காட்டினாள்.